கடலடியில் மூச்சு

ஒரு வாளியில் நீர் நிரப்பி, வெறுங் கண்ணாடிக் குவளை ஒன்றை வாய் கீழாகக் கவிழ்த்து, சாயாதபடி நேரே உள்ளே அழுத்திப் பாருங்கள். குவளைக்குள் நீர் ஒரு விரற்கடைகூட ஏறாது. உள்ளே அடைபட்ட காற்று அதற்கு இடங்கொடுப்பதில்லை. குவளையின் உட்சுவரில் ஓர் எறும்பு ஒட்டிக்கொண்டிருக்குமாயின், அது கால் நனையாமல் வாளியின் அடிமட்டும் சென்று மீளும். மனிதன் நீருக்கடியில் மூச்சு விடுவதற்குக் கண்ட முதற் கருவி இந்தக் கவிழ்த்த குவளையே. முக்குளிப்பவர்க்கு மூச்சுக் காற்றுக் கொடுக்கக் கொப்பரையொன்றைக் கவிழ்த்து இறக்கும் வழக்கம், அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல் ஒன்றிலேயே குறிக்கப்பட்டுள்ளது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட செய்தி இது.

ஆகவே, காற்றை நீருக்குள் கொண்டு செல்வது அத்துணை அரிய காரியமன்று. அக்காற்றைச் சுவாசித்தவன் உயிரோடும் உடல் நலத்தோடும் மேலே திரும்பி வருவதே அரிது. அதனைக் கற்றுக்கொள்ள மனிதனுக்கு 20-ஆம் நூற்றாண்டு வரை ஆயிற்று. கற்பதற்குள் மாண்டவர் பலர், முடமானவர் பலர். அந்தக் கதையையே இன்று சொல்லப் புகுகிறேன்.

கருவி ஏதுமின்றி மூழ்கியவர்களை முதலில் நினைத்துக்கொள்வோம். கொற்கையையும் தூத்துக்குடியையும் விட்டு நெடுந்தொலைவில், வேற்று மாநில நகரங்களில் வாழும் நேயர்களுக்கும் முத்துக்குளிப்பைப் பற்றி அதிகம் விளக்க வேண்டுவதில்லை. மன்னார் வளைகுடாவில் குளியாளி தன் காலைக் கனத்த கல்லொன்றில் ஊன்றி, கயிற்றைப் பற்றியவாறு, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்துக்கு இறங்குவான். பாகம் என்பது 6 அடி. ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்பின்னாக, கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிக் கூடையில் இட்டுக்கொண்டு, கயிற்றை அசைப்பான். படகிலிருப்பவன் மேலே இழுப்பான். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. தங்கை கணவன் கடலோடு போவதைத் தமையன் சகிக்கமாட்டான் அல்லவா? தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். இந்தக் குளியாளியைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது தேவைப்படும். அவன் கடலடியில் மூச்சு இழுப்பதில்லை. மேலே இழுத்த ஒரே மூச்சுடன் இறங்கி, அதே மூச்சுடன் ஏறிவிடுகிறான்.

‘இதற்கு இவ்வளவு பாடு எதற்கு? நீண்ட குழாய் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டால் போதாதா?’ என்று சிறுவர் கேட்பதுண்டு. பெரியவர்களும் நூற்றாண்டுக் கணக்கில் அவ்வாறே எண்ணி, அழகழகான படங்கள் வரைந்து வைத்தார்கள். படம் வரைந்தவர் எவரும் அதனை இரண்டு பாக ஆழத்தில் சோதித்திருக்க முடியாது. நீர்மட்டத்தில் நம் உடலின்மீது காற்றுமண்டலத்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. கடலில் 33 அடி இறங்கினால் அதனோடு இன்னுமோர் 15 பவுண்டு சேரும். 66 அடியில் மேலும் ஒன்று. குழாயின் மேல்வாய் திறந்திருப்பதால் அதனுள் இருப்பது மேலுலகின் மெல்லிய காற்று. மார்பை வெளியே நெருக்குவதோ நீரின் பாரம். ஓர் ஆள் ஆழத்துக்குள்ளேயே அப்பாரத்தை எதிர்த்து மார்பை விரிக்க விலாத் தசைகளால் இயலாமற் போகிறது. ஆதலால், ஆழத்தில் மூச்சுவிட வேண்டுமானால் சுற்றியுள்ள நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு அழுத்தமுடைய காற்றே வேண்டும். கவிழ்த்த கொப்பரையில் இது தானாகவே அமைந்துவிடுகிறது. நீரே உள்ளிருக்கும் காற்றை நெருக்கித் தனக்குச் சமமாக்கிக்கொள்கிறது.

இந்தத் தத்துவத்தில் அமைந்த மூழ்குமணி ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டிலேயே வழக்குக்கு வந்தது. 1535-இல் லொரேனா என்பார், ரோமாபுரிக்கு அருகிலுள்ள நெமி ஏரியின் அடியில் கிடந்த பழைய ரோமச் சக்கரவர்த்தியின் கப்பல்களைக் காண, தோளளவு வரும் மணியொன்றை அணிந்து இறங்கினார். 1628-இல் முதற் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கவிழ்ந்த ‘வாசா’ என்னும் ஸ்வீடன் நாட்டுப் போர்க்கப்பலிலிருந்து, 1664-ஆம் ஆண்டு முதலாக, 50-க்கு மேற்பட்ட பீரங்கிகளை மூழ்குமணியிலிருந்தே எடுத்தார்கள். சுமார் 100 அடி ஆழம், வடகடலின் குளிர், கும்மிருட்டு. தோலாடை உடுத்தி, மணிக்குக் கீழே தொங்கும் ஈயப் பலகைமீது நின்றுகொண்டு, கையில் கொக்கிக் கழியுடன் அவர்கள் டன் கணக்கில் கனக்கும் பீரங்கிகளைக் கிளப்பியதை நினைத்தால் இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மணியின் குறை வெளிப்படையானது. உள்ளே இருக்கும் காற்று மூச்சினால் கெட்டுப்போகும். ஆழம் செல்லச் செல்லச் சுருங்கவும் செய்யும். 33 அடியில் பாதியாகும். 66 அடியில் மூன்றில் ஒரு பங்காகும். இதற்கு வழி கண்டவர், வால்நட்சத்திரத்துக்குத் தம் பெயரைத் தந்த எட்மண்டு ஹாலி. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கடலடிக்கும் போனார். 1691-இல் அவர் செய்த மணி மரத்தாலானது. தானாக அமிழும்படி மேலே ஈயத்தகடு பொதிந்தது. உச்சியில் வெளிச்சத்துக்குக் கண்ணாடி பதித்தது. ஈயம் பூட்டிய பீப்பாய்களில் புதுக்காற்றை நிரப்பி ஒன்று மாற்றி ஒன்றாக மணிக்குக் கீழே இறக்கச் செய்தார். பீப்பாயிலிருந்து வரும் தோற்குழாயை மணிக்குள் தூக்கியதும், நீரின் அழுத்தமே காற்றை உள்ளே தள்ளிவிடும். கெட்ட சூடான காற்று உச்சியிலுள்ள குழாய்த் திருகு வழியாக வெளியேறும். ஐவர் ஒன்பது பத்துப் பாக ஆழத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்ததாக அவர் எழுதியிருக்கிறார். அவ்வைவருள் ஹாலியும் ஒருவர். இறங்கும்போது காதில் நாணலைச் செருகினாற்போன்ற வலி உண்டாகி, பின்பு ‘பட்’டென்று விட்டுவிடும் என்பதையும் குறித்துவைத்தார். விமானத்தில் சென்றவர்கள் அவ்வலியைச் சிறிதளவு அறிவார்கள்.

அழுத்தத்தோடு சமாதானம் செய்துகொள்ளாமல் அதனை வெளியிலேயே நிறுத்திவிட முயன்றவர்களும் உண்டு. இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஜான் லெத்பிரிட்ஜ், வறுமையில் வாடிய பெரிய குடும்பஸ்தர். 1715-இல் தம் தோட்டத்தில் மூடிய பீப்பாய் ஒன்றுக்குள் அரைமணி நேரம் கிடந்து பார்த்து, மூச்சு முட்டவில்லை என்று கண்டதும், சுமார் 6 அடி நீளமுள்ள ஓக்கு மரப்பீப்பாய் ஒன்று செய்வித்தார். குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணாடித் துளை வழியே கீழே பார்க்கலாம். இரு துளைகள் வழியே கைகளை வெளியே நீட்டி வேலை செய்யலாம். பீப்பாய்க்குள் மேலுலகின் அழுத்தம். வெளியே நீட்டிய கைகளின்மீது கடலின் அழுத்தம். 60 அடி வரை தாங்கிற்று; 72 அடியில் பெருந்துன்பம் பட்டதாகச் சொன்னார். இருந்தும், மூழ்கிய கப்பல்களின் வெள்ளியை எடுத்தே அவர் வறுமை தீர்ந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இதே எண்ணம் எஃகு வடிவில் திரும்பி வந்தது. பம்பாய்க்குத் தங்கமும் வெள்ளியும் ஏற்றிவந்த ‘ஈஜிப்ட்’ என்னும் கப்பல், 1922 மே 20-ஆம் நாள் பிரான்சின் மேற்குக் கரைக்கப்பால் மூடுபனியில் மோதுண்டு மூழ்கிற்று. 80-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பொருளின் மதிப்பு பத்து லட்சம் பவுனுக்கு மேல். ஆழம் 400 அடியளவு. அக்காலத்து மூழ்குடை எதுவும் அங்கே செல்லாது. இத்தாலியர் ஒரு தடித்த எஃகுக் கூண்டுக்குள் ஒருவரை அமர்த்தி இறக்கினார்கள். அவர் உள்ளிருந்தபடி டெலிபோனில், ‘இடப்பக்கம்... இன்னும் கொஞ்சம்... இப்போது இறக்கு’ என்று சொல்ல, மேலுள்ள கப்பல் பெரிய இரும்பு நகங்களை இறக்கிக் கவ்விற்று. 1932 ஜூனில் முதற் பொன் மேலே வந்தது. அதற்கு முன், 1930-இல், வெடிமருந்துக் கப்பலொன்றின் சிதைவைத் தகர்க்கும்போது அது வெடித்து, அவ்வித்தாலியக் கப்பலையே விழுங்கிவிட்டது. முதன்மை முக்குளிப்பாளர் ஜியன்னியும் தோழர் பலரும் அதில் இறந்தனர். மும்பையில் வாழும் நேயர்கள், தங்கள் துறைமுகம் எதிர்பார்த்திருந்த பொன்னுக்கு இப்படியும் ஒரு கதை உண்டென்று அறிக.

இனி முக்கியப் பாதைக்குத் திரும்புவோம். மணிக்குப் பீப்பாய் காற்று போதாது, பம்பு வேண்டும். 1789-இல் ஸ்மீட்டன் என்னும் என்ஜினீயர் ராம்ஸ்கேட் துறைமுக வேலையில் மணிக்குள் பம்பினால் காற்றை இடைவிடாது செலுத்தினார். அடுத்து, மணியையே ஒரு தலைக்கு அளவாகச் சிறிதாக்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1823-இல் சார்லஸ் டீன் என்பவர், தீயணைப்போர் புகைக்குள் செல்வதற்கென ஒரு தலைக்கவசம் செய்து உரிமை பெற்றார். புகைக்கென்று செய்தது நீருக்கு உதவிற்று. சார்லஸும் ஜான் என்னும் சகோதரரும் அதனை மாற்றிக் கடலில் இறங்கினர். அதன் அடி திறந்தது. அணிந்தவர் குனிந்தாலோ விழுந்தாலோ நீர் புகுந்துவிடும். லண்டனில் குடியேறிய ஜெர்மானியர் அகஸ்டஸ் சீபி, 1830-களின் இறுதியில், செப்புத் தொப்பியை நீர்புகா ரப்பர்த் துணி உடையோடு திருகிப் பூட்டி, முழுவதும் மூடிய உடையாக்கினார். ஈயக்கட்டிகளும் ஈயக் காலணிகளும் சேர்ந்து 150 பவுண்டுக்கு மேல் கனக்கும் அவ்வுடை, நூறாண்டுக்கு மேல் உலகெங்கும் மாறாமல் நின்றது.

அதன் பெரும் பரீட்சை ‘ராயல் ஜார்ஜ்’ கப்பலில் நடந்தது. 1782-இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் துறையில், நங்கூரமிட்டு நிற்கும்போதே கவிழ்ந்து, 800-க்கு மேற்பட்டோருடன் மூழ்கிய போர்க்கப்பல் அது. 1839 முதல் 1843 வரை கர்னல் பாஸ்லி என்பாரின் கீழ் ராணுவ என்ஜினீயர்ப் படையினர் கோடைதோறும் இறங்கி அதன் சிதைவை அகற்றினர். நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் நீருக்கடியில் உழைத்தனர். ஒருமுறை காற்றுக்குழாய் மேலே வெடித்துவிட்டது. உடைக்குள் இருந்த நெருங்கிய காற்று பின்வழியே ஓட, கடல் முழுப் பாரத்தோடும் அம்மனிதரின் உடலைத் தொப்பிக்குள் பிழிந்தது. முகம் வீங்கி, காதும் மூக்கும் இரத்தம் கசிய, உயிர்தப்பி மேலே வந்தார். காற்றைப் பின்னோக்கி விடாத கதவு குழாயில் அமைக்க வேண்டும் என்ற பாடம் இவ்வாறு கற்கப்பட்டது. ஆனால் வேறொரு பாடம் கண்முன் இருந்தும் எவர் கண்ணிலும் படவில்லை. முக்குளித்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் மூட்டுவாதத்தால் மீண்டும் மீண்டும் துன்புற்றனர். ஈரத்திலும் குளிரிலும் வேலை செய்வதால் என்று எண்ணி விட்டுவிட்டார்கள்.

ஈரமும் குளிரும் காரணமல்ல என்பதை மத்தியதரைக் கடல் காட்டிற்று. ஈஜியன் கடலின் சிமி, கலிம்னோஸ் முதலிய தீவுகளில் கடற்பஞ்சு எடுப்போர் இருந்தனர். நம் குளியாளியைப் போலவே அவர்களும் தட்டைக் கல்லொன்றைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் இறங்கி ஏறி வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தார்கள். 1860-களில் சீபியின் உடை அங்கே வந்தது. ஒரு நிமிஷம் தங்கியவர் இப்போது ஒரு மணி நேரம் தங்கலாம். வணிகருக்கு ஒன்றுக்குப் பத்தாகப் பஞ்சு கிடைத்தது. சில பருவங்களுக்குள் அத்தீவுகளின் தெருக்களில் ஊன்றுகோலோடு நடக்கும் இளைஞர் பெருகினர். பலர் படகிலேயே மாண்டனர். இதில் விசித்திரம் யாதெனில், கடலடியில் இருக்கும்வரை அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. மேலே வந்து, தொப்பியைக் கழற்றி, ஒரு சுருட்டைப் பற்றவைத்துச் சிரித்துப் பேசும்போது கால் மரத்துவிடும், மூட்டுகள் முறுக்கும், சிலருக்கு மூச்சே நின்றுவிடும்.

இதே நோய் கடலுக்குப் போகாதவர்களையும் பற்றிற்று. ஆற்றுப்பாலத்துக்குத் தூண் எழுப்ப, அடி திறந்த பெரும் பெட்டியொன்றை ஆற்றின் அடியில் இறக்கி, நீர் புகாதவாறு அதற்குள் காற்றை அழுத்தி, ஆட்களை உள்ளே அனுப்பி மண் தோண்டுவார்கள். அதுவும் கவிழ்த்த குவளையேதான். பிரான்சில் 1841-இல் திரீஜே என்பவர் நிலக்கரிச் சுரங்கமொன்றுக்காக இம்முறையைத் தொடங்கினார். 1854-இல் போல், வாட்டெல் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இத்தகைய தொழிலாளரை ஆராய்ந்து, அழுத்தத்துள் செல்வதால் அபாயமில்லை, வெளிவருவதிலேயே அபாயம் என்று தெளிவாக எழுதினார்கள். மீண்டும் அழுத்தத்துள் சென்றால் வலி தணிவதையும் கண்டார்கள். எழுதியதை யார் படித்தார்கள்? 1870-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் மிசிசிப்பி ஆற்றுப் பாலவேலையில் 10-க்கு மேற்பட்டோர் இறந்தனர். தொழிலாளர் துத்தநாகமும் வெள்ளியும் சேர்த்த பட்டைகளைக் கையிலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டார்கள். நாம் நகைக்க வேண்டா. மன்னார் வளைகுடாவில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்று கடல்கட்டிகளை வெள்ளையர் அரசாங்கமே ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. காரணம் தெரியாத அபாயத்தின்முன் எந்நாட்டு மனிதனும் தாயத்தையே தேடுகிறான். நியூயார்க்கின் புரூக்லின் பாலத்தைக் கட்டிய தலைமை என்ஜினீயர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் இந்நோயால் வீழ்ந்தார். 1883-இல் பாலம் திறக்கும்வரை வீட்டுச் சாளரத்தின் வழியாகவே வேலையைக் கண்டுவந்தார். அவர் மனைவி எமிலி கணிதமும் கட்டடக்கலையும் பயின்று, கணவரின் ஆணைகளை நாள்தோறும் கொண்டு சென்றார். நோயுற்ற தொழிலாளர் கூனி நடந்ததைப் பார்த்து, அந்நாளைய நாகரிகப் பெண்களின் ஒயில் நடைக்கு வழங்கிய பெயரைத் தோழர்கள் கேலியாகச் சூட்டினர். ‘வளைவு’ என்னும் பொருளில் ‘பெண்ட்ஸ்’ என்று இன்றும் அந்நோய்க்குப் பெயர்.

காரணத்தை அறிய நமக்குக் கோலி சோடாப் புட்டி ஒன்று போதும். மூடியிருக்கும்போது அதனுள் ஒரு குமிழியையும் காண முடியாது. கோலியைக் கட்டை விரலால் அழுத்தியதுமே, எங்கிருந்தோ ஆயிரம் குமிழிகள் பொங்குகின்றன. அழுத்தத்தில் நீரோடு கரைந்திருந்த வாயு, அழுத்தம் போனதும் வெளிக்கிளம்புகிறது. ஆழத்தில் நெருங்கிய காற்றைச் சுவாசிப்பவனின் இரத்தமும் கொழுப்பும் நரம்பும் சோடா நீரைப் போலவே காற்றிலுள்ள நைட்ரஜனைக் கரைத்து ஏற்றுக்கொள்கின்றன. அவன் சட்டென்று மேலே வருவது கோலியை அழுத்துவதற்கு ஒப்பு. குமிழி மூட்டில் எழுந்தால் வலி. தண்டுவடத்தில் எழுந்தால் முடம். இதயத்தை அடைத்தால் மரணம். நம் குளியாளிகளைத் தலைமுறைதோறும் காத்தது எது என்பது இப்போது விளங்கும். அவர்கள் ஆழத்தில் புதிய மூச்சு எதனையும் இழுக்கவில்லை. ஒரு நெஞ்சளவு காற்றிலிருந்து, ஒரு நிமிஷத்தில், உடலில் கரையும் நைட்ரஜன் மிகச் சொற்பம். 1878-இல் வெளிவந்த பெருநூலில் பால் பெர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, குமிழியிலிருப்பது நைட்ரஜனே என நிலைநாட்டி, மெதுவாக ஏறுவதே மருந்து என்றார். உயிர்காக்கும் பிராணவாயுவும் அழுத்தம் மிகுந்தால் நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும் என்று கண்டவரும் அவரே.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? இதற்கு விடை சொன்னது ஆடு. பிரிட்டிஷ் கடற்படையின் பொருட்டு ஜான் ஸ்காட் ஹால்டேன், பாய்காட், டாமன்ட் என்னும் மூவர் 1905 முதல் லண்டனில் எஃகு அறையொன்றுக்குள் வெள்ளாடுகளை அடைத்து, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தனர். வலி கண்ட ஆடு முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அது போதும் அடையாளம். இரண்டு மடங்கு அழுத்தத்திலிருந்து ஒரு மடங்குக்கு விரைந்து வந்தாலும் ஆட்டுக்கு ஒன்றும் நேராததைக் கண்டு, எந்த ஆழத்திலிருந்தும் அழுத்தத்தைப் பாதியாக்குவது கேடன்று என்று ஹால்டேன் முடிவு செய்தார். முதலில் பாதி அழுத்தத்துக்கு விரைந்து ஏறலாம். பின்னர் 30 அடியில் சிறிது, 20 அடியில் இன்னும் சிறிது, 10 அடியில் மேலும் அதிகம் என்று படிப்படியாகத் தங்கி, உடலிலுள்ள நைட்ரஜன் மூச்சோடு கழியவிட்டு ஏற வேண்டும். 1906-இல் ஸ்காட்லாந்துக் கடற்கழியில் டாமன்டும், காட்டோ என்பவரும் இம்முறைப்படி 210 அடி சென்று நலமாக மீண்டனர். 1908-இல் அட்டவணைகள் வெளியாயின.

அட்டவணை என்றால் அலுவலகக் காகிதம் போல் தோன்றும். அதன் பயனை ஒரு கணக்கால் சொல்கிறேன். 1917-இல் அயர்லாந்தின் வடகரையில் ‘லாரன்டிக்’ என்னும் கப்பல் கண்ணிவெடியில் மூழ்கிற்று. அதில் 3,211 பொற்கட்டிகள் இருந்தன. அதே டாமன்டின் தலைமையில் 1924 வரை, சுமார் 5,000 முறை முக்குளித்து, 120 அடிக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து 3,186 கட்டிகளை எடுத்தனர். முக்குளித்தவர் ஒருவரும் இறக்கவில்லை. சிமித் தீவின் இளைஞருக்கு இந்தக் காகிதம் அரை நூற்றாண்டு முன்பே கிடைத்திருக்கலாகாதா என்று ஏக்கம் உண்டாகிறது.

ஹால்டேனின் பெயரோடு நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1906-ஆம் ஆண்டுச் சோதனையின்போது கப்பலில் தந்தையுடன் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுக்கும் மூழ்குடை அணிவித்து இறக்கினார்கள். பெரியவருக்குத் தைத்த உடை, மணிக்கட்டில் இறுக்கமில்லை. நீர் கசிந்து மார்பளவு ஏற, காற்றைக் கூட்டி அதனைத் தடுத்துக்கொண்டு, அஞ்சாமல் இருந்து ஏறி வந்தான். அச்சிறுவன்தான் பின்னாளில் உயிரியலில் பெரும்புகழ் பெற்ற ஜே. பி. எஸ். ஹால்டேன். 1939-இல் ‘தீட்டிஸ்’ என்னும் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் 99 பேருடன் மாண்டபின், அடைபட்ட காற்றில் மனித உடல் என்ன பாடுபடும் என்பதை அவர் தம் உடலிலேயே சோதித்தார். தந்தை ஆட்டைப் பூட்டியது போன்ற அறைக்குள் மகன் தாமே புகுந்தார். பிராணவாயுவின் நஞ்சால் வலிப்பு ஏற்பட்டு முதுகெலும்பு நசுங்கிற்று, செவிப்பறை கிழிந்தது. கிழிந்த காதின் வழியே சுருட்டுப் புகையை விடுவது தமக்குக் கிடைத்த தனி வித்தை என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார். 1957-இல் அவர் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். 1961-இல் இந்தியக் குடிமகனானார். பின்னர் புவனேசுவரத்தில் ஆய்வுக்கூடம் அமைத்து, 1964 டிசம்பர் 1-ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் பயில அளிக்கப்பட்டது. உயிரோடிருந்தபோது ஆராய்ச்சிக்குத் தந்த உடலை இறந்தபின்னும் தந்தார்.

சீபியின் உடைக்கு ஒரு தளை உண்டு. மேலே பம்பு, நடுவே குழாய், பக்கத்தில் கயிறு. மைத்துனன் கை விடவேயில்லை. அதனை அறுக்கும் முயற்சி பிரான்சில் 1860-களிலேயே தொடங்கிற்று. ரூக்கெரோல் என்னும் சுரங்க என்ஜினீயரும் தெனரூஸ் என்னும் கடற்படையினரும், மூச்சு இழுக்கும்போது மட்டும், வேண்டிய அழுத்தத்தில், காற்றுத் தரும் ஒரு கதவமைப்பைச் செய்தனர். ஜூல்ஸ் வெர்ன் தம் கடலடிக் கதையின் மாந்தர்க்கு அணிவித்தது இக்கருவியையே. ஆயின், நெருக்கிய காற்றை நெடுநேரத்துக்கு அடைத்து வைக்கும் உறுதியான கலம் அன்று இல்லை, கருவி மறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியிலிருந்தபோது பெட்ரோல் கிடைக்காமல் மோட்டார் வண்டிகள் விறகுக்கரி வாயுவில் ஓடின. அதற்காக எமில் காஞான் ஒரு வாயுக் கதவு அமைத்திருந்தார். கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ அவரை நாடினார். 1943-இல், அடுப்புப் புகையில் ஓடிய காருக்கென்று செய்த கதவு, மனிதனைக் கயிற்றிலிருந்து விடுவித்தது. முதுகில் காற்றுக்கலம், வாயில் குழாய், காலில் மீன்துடுப்பு. இனி மீனைப் போல் நீந்தலாம். 1956-இல் கேன்ஸ் விழாவில் உயர் பரிசு பெற்ற கூஸ்தோவின் திரைப்படம் இக்காட்சியை உலகுக்கெல்லாம் காட்டிற்று.

கயிறு போன சுதந்தரத்துக்கும் விலை இருந்தது. 1947-இல் கூஸ்தோவின் தோழர் மோரிஸ் ஃபார்க், எவ்வளவு ஆழம் செல்லலாம் என்று காண, குறிகள் கட்டிய கயிற்றோரமாக இறங்கினார். ஆழம் குறித்த பலகைகளில் கையெழுத்திட்டுக்கொண்டே சென்றார். 100 அடிக்குக் கீழே நைட்ரஜன் மதுவைப் போல் மயக்கத் தொடங்கும். ஆழம் செல்லச் செல்ல மயக்கம் ஏறும். மேலே இழுத்தபோது அவர் உயிர் இல்லை. சுமார் 400 அடிக் குறியிட்ட பலகையில் அவர் கையெழுத்து இருந்தது.

மயக்கும் நைட்ரஜனுக்குப் பதிலாக வேறொரு வாயுவைப் பிராணவாயுவோடு கலப்பதே இதற்கு வழி. அமெரிக்கக் கடற்படை ஹீலியத்தைத் தேர்ந்தது. 1939-இல் ‘ஸ்குவாலஸ்’ நீர்மூழ்கியை மீட்கும் வேலையில் அது கைகொடுத்தது. இந்த ஹீலியத்தின் கதை தொடங்கிய இடம் ஆந்திரக் கரை என்பதை அங்கு வாழும் நேயர்கள் கேட்டு மகிழ்வர். 1868 ஆகஸ்ட் 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தை ஆராய வானநூலார் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் கூடினர். அப்போது சூரிய ஒளிப்பட்டையில் காணப்பட்ட மஞ்சள் கோடு ஒன்று, அதுவரை அறியாத பொருளினுடையது என்று பின்னர் லாக்யர் துணிந்தார். சூரியனில் கண்டதைக் கடலடியில் சுவாசிக்கிறோம். அதில் ஒரு வேடிக்கை: ஹீலியம் சுவாசித்தவன் பேச்சு வாத்தின் குரல்போல் கீச்சிடும்.

இறங்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் படிப்படியாக ஏற வேண்டுமே, என்ன செய்வது? அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பாண்டு 1957 முதல் இதனை ஆராய்ந்தார். துணி ஒரளவுக்குமேல் நீரை உறிஞ்சாததைப் போல, உடலும் ஓரளவுக்குமேல் வாயுவைக் கரைத்துக்கொள்ளாது. நிறைந்துவிட்டபின் ஒருநாள் தங்கினாலும் ஒரு மாதம் தங்கினாலும் ஏறிவர ஆகும் காலம் ஒன்றே. ஆகவே வேலை முடியும்வரை அழுத்தத்திலேயே குடியிருந்துவிடலாம்! 1962-இல் மார்சேல்ஸுக்கு அருகே கூஸ்தோவின் தோழர் இருவர் 33 அடி ஆழத்தில் கட்டிய வீட்டில் ஒரு வாரம் வாழ்ந்தனர். இன்று எண்ணெய்க் கிணறுகளில் பணிபுரிவோர் கடலடியில் வீடு கட்டுவதில்லை. கப்பலின் மேல்தளத்திலுள்ள எஃகு அறையை ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்றி அதற்குள்ளேயே உண்டு உறங்குகிறார்கள். வேலைக்குச் செல்லும்போது அதே அழுத்தமுள்ள மணியொன்றில் அமர்ந்து இறங்குகிறார்கள். ஹாலியின் மணி மீண்டுவிட்டது. 1974-இல் எண்ணெய் கண்ட பம்பாய் ஹை கடற்பரப்பில் ஆழம் 250 அடியளவு. 2025 ஜூலை 18-இல் விசாகப்பட்டினத்தில் நம் கடற்படையில் சேர்ந்த ‘நிஸ்தார்’ என்னும் கப்பல், 300 மீட்டர், அதாவது 1,000 அடியளவு ஆழத்தில் இவ்வாறு பணிசெய்ய அமைந்தது. பாகிஸ்தானின் ‘காஜி’ நீர்மூழ்கி 1971-இல் அவ்வூருக்கப்பால் மூழ்கியபோது முக்குளிப்பு வேலை செய்ததும் இதே பெயருடைய பழைய கப்பலே.

இம்முறையில் 100 அடிக்கு ஏறக்குறைய ஒருநாள் வீதமும், அதற்குமேல் ஒரு நாளும் என்று அழுத்தத்தை இறக்குவார்கள். 250 அடியில் வேலை முடித்தவர் மூன்று நான்கு நாளும், 1,000 அடியில் முடித்தவர் பதினொரு நாளும் அவ்வறைக்குள்ளேயே இருக்க வேண்டும். அறையின் சிறு கண்ணாடி வழியே வெளியே பார்த்தால், கைக்கெட்டும் தூரத்தில் தோழன் தேநீர் அருந்திக்கொண்டு நிற்பான். உள்ளேயுள்ளவருக்கு உடம்பு சுகமில்லை என்றாலும், வீட்டிலிருந்து அவசரச் செய்தி வந்தாலும், கதவைத் திறக்க முடியாது. சந்திரனுக்குச் சென்றவர் மூன்று நாளில் பூமிக்குத் திரும்பினார். கப்பலின் தளத்திலேயே இருக்கும் இவர் தம் தளத்துக்கு வந்துசேரப் பதினொரு நாள். வெளியே ஒருவர் இரவும் பகலும் அழுத்தமானியைப் பார்த்தபடி, சிறிது சிறிதாகத் திருகைத் திறந்துகொண்டிருக்கிறார்.